கை நீட்டாத போலீஸ்காரர் ஹூகெங்

பொன்விழா மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது முதலில் தயங்கினோம். சங்கத்தின் வரலாற்றை எழுதப் பெரியவர்கள் இருக்கிறார்கள். மார்க்கக் கட்டுரை எழுத ஆலிம்கள் இருக்கிறார்கள். பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்துவிட்டு அத்தாவின் ஜவுளிக் கடையில் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்ட நமக்கு எழுதத் தெரிந்ததெல்லாம் இன்வாய்ஸ் ஒன்றுதான். ஆனால் பினாங்கிலிருந்து மேடானுக்குக் கைலி வியாபாரமாகப் போய்வந்த இந்தப் பத்து ஆண்டுகளில் ஒரு மனிதரின் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டோம். அவரைப் பற்றி எழுதலாமா என்று கேட்டோம். எழுதுங்கள் என்றார்கள்.

அவர் பெயர் ஹூகெங் இமான் சந்தோசோ. 1968 முதல் 1971 வரை இந்தோனேசியாவின் போலீஸ் படைத் தலைவராக இருந்தவர். அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இங்குள்ள நம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் மேடானில் ஒரு டாக்சி ஓட்டுநரிடம் போலீஸைப் பற்றி அலுத்துக்கொண்டால், இரண்டு நிமிடத்தில் ஹூகெங் பேச்சு வந்துவிடும். லஞ்சம் வாங்காத போலீஸ்காரர் என்றால் அந்த நாட்டில் அவர்தான் உதாரணம். அப்படி ஒருவர் உண்மையிலேயே இருந்தாரா, அல்லது ஏமாந்துபோன ஜனங்கள் தங்கள் ஆறுதலுக்காகக் கட்டிவிட்ட கதையா என்று நமக்கும் முதலில் சந்தேகம்தான். தேடிப் படித்த பிறகு சந்தேகம் போனது. வேறொரு சங்கடம் வந்தது. அதையும் சொல்கிறோம்.

நம் ஜவுளிக் கடைக்காரர்களுக்குப் பெக்காலோங்கான் என்ற ஊரைச் சொல்லவேண்டியதில்லை. ஜாவாவின் வடகரையில் உள்ள ஊர். பாத்திக் கைலிக்குப் பெயர் பெற்றது. அங்கேதான் 1921 அக்டோபர் 14ஆம் தேதி ஹூகெங் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் இமான் சந்தோசோ. குழந்தை கொழுகொழுவென்று இருந்ததால் வீட்டில் பூகெல் என்று கூப்பிட்டார்கள். அது பூகெங் ஆகி, பிறகு ஹூகெங் ஆகி, அப்படியே நிலைத்துவிட்டது. வளர்ந்தபின் அவர் ஒல்லியான மனிதர். குண்டன் என்று பொருள்படும் செல்லப்பெயரோடு நாட்டின் போலீஸ் படைக்கே தலைவரானவர் வேறெங்கும் இருப்பாரா என்று தெரியவில்லை.

தந்தை டச்சுக்காரர் ஆட்சியில் அரசு வழக்குரைஞர். வீட்டுக்கு வந்துபோன நண்பர்களில் ஒருவர் நீதித்துறையைச் சேர்ந்தவர், இன்னொருவர் ஊரின் போலீஸ் அதிகாரி. வீட்டுப் பேச்சில் சட்டம் எப்போதும் இருந்தது. அந்தப் போலீஸ் அதிகாரியைப் பார்த்துத்தான் நாமும் இப்படி ஆகவேண்டும் என்ற ஆசை சிறுவனுக்கு வந்தது. பெக்காலோங்கானிலும் யோக்யகார்த்தாவிலும் படித்துவிட்டு, 1940இல் பத்தாவியாவின் சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். பத்தாவியா என்பது இன்றைய ஜகார்த்தா. இரண்டே ஆண்டில் ஜப்பானியர் வந்தார்கள், கல்லூரி மூடப்பட்டது. ஊர் திரும்பியவர் ஜப்பானியர் நடத்திய போலீஸ் பயிற்சியில் சேர்ந்தார். சுதந்திரப் போராட்ட காலத்தில் சிறிது நாள் கடற்படையில் இருந்துவிட்டு மறுபடியும் போலீஸுக்கே வந்தார். 1946இல் யோக்யகார்த்தாவில் மெரியாத்தி என்னும் பெண்ணை மணந்தார். 1952இல் போலீஸ் உயர்கல்விப் படிப்பை முடித்து, முதலில் சுராபாயாவில் பணியாற்றினார்.

அவர் பெயர் ஊரறிய ஆனது மேடானில். 1956இல் வடசுமத்ராவின் குற்றப் புலனாய்வுப் பிரிவுக்குத் தலைவராக அனுப்பப்பட்டார். அந்தக் காலத்து மேடானைப் பற்றிப் பினாங்குக்காரர்களுக்குச் சொல்லவேண்டுமா? சுமத்ராவின் ரப்பரும் மற்ற சரக்கும் அரசாங்கக் கணக்கில் ஏறாமல் மலாக்கா நீரிணையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்த காலம். இராணுவத் தளபதிகளே முகாம் கட்டப் பணமில்லை என்று சொல்லி ரப்பரைக் கப்பலேற்றிய காலம். கடத்தலோடு சூதாட்டமும் கொடிகட்டிப் பறந்தது. அதை நடத்திய முதலாளிகளின் சம்பளப் பட்டியலில் போலீஸ்காரர்களும் இராணுவத்தினரும் இருந்தார்கள். புதிய அதிகாரி வருகிறார் என்றால் அவரையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பது முதலாளிகளுக்கு ஒரு வழக்கமான காரியம். சண்டை போடமாட்டார்கள், மிரட்டமாட்டார்கள். வரவேற்பார்கள்.

ஹூகெங் குடும்பத்தோடு பெலாவான் துறைமுகத்தில் இறங்கியபோதே ஆள் காத்திருந்தார். வீடும் காரும் தயார் என்று மிகுந்த மரியாதையோடு தெரிவித்தார். ஹூகெங் நன்றி சொல்லி மறுத்துவிட்டு, அரசு வீடு கிடைக்கும்வரை டி போயர் ஹோட்டலில் தங்கினார். இரண்டு மாதம் கழித்து அரசு வீடு ஒதுக்கப்பட்டது. போய்ப் பார்த்தால் வீட்டுக்குள் குளிர்ப்பெட்டி, பியானோ, டேப் ரெக்கார்டர், விலையுயர்ந்த சோபா என்று எல்லாம் வரிசையாக இருந்தன. 1950களின் மத்தியில் குளிர்ப்பெட்டி எத்தனை வீட்டில் இருந்திருக்கும் என்று நம் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். எதையும் அரசு வாங்கித் தரவில்லை. பெலாவானில் காத்திருந்தாரே, அந்த ஆளின் எஜமானர்கள் அனுப்பியவை.

திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். யாரும் வரவில்லை. வரமாட்டார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பொருள் வீட்டுக்குள் இருக்கிற ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்காரருடையது ஆகிவிடும். சில நாளில் பிள்ளைகள் பியானோவைத் தட்டிப் பார்ப்பார்கள். வெயிலுக்குக் குளிர்ந்த தண்ணீர் பழகிவிடும். ஹூகெங் போலீஸ்காரர்களையும் சுமை தூக்குவோரையும் வரவழைத்து, பியானோ உட்பட அத்தனையையும் தூக்கித் தெருவோரத்தில் வைக்கச் செய்தார். தெரு முழுக்கப் பார்த்தது. அது தேவை என்று நினைத்திருப்பார் போலும். இரகசியமாக வந்ததை இரகசியமாகத் திருப்பினால், திருப்பியது யாருக்குத் தெரியும்?

இந்த இடத்தில்தான் நமக்குச் சங்கடம் வந்தது. ஹூகெங்கின் கதையைச் சொல்கிற எல்லோரும் தம்மை ஹூகெங் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். நாம் வியாபாரிகள். பியானோவை அனுப்பியது யார்? சூதாட்டமோ கடத்தலோ, அதுவும் ஒரு வகைத் தொழில் என்றுதான் அவர்களும் நினைத்திருப்பார்கள். நாம் சூதாட்டம் நடத்தவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நோன்புப் பெருநாள் நெருங்கும்போது நம் கடைகளில் ஒரு பட்டியல் போடுவோமே, அதை மறந்துவிட முடியுமா? பெரிய பரிசுக்கூடை யாருக்கு, சின்னக் கூடை யாருக்கு, கூடையோடு ஓர் உறையும் யாருக்கு என்று. அதில் மாமா மச்சான் பெயர்களுக்கு நடுவே சில அதிகாரிகளின் பெயர்களும் இருக்கும். அவர்கள் மாற்றலாகிப் போனால் அடுத்த ஆண்டு கூடை அவர்களுக்குப் போகாது. அந்த நாற்காலியில் புதிதாக வந்தவருக்குப் போகும்.

ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்தாராம். அவர் தம் தாய் தந்தையின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று நபிகள் நாயகம் (ஸல்) கேட்ட செய்தியை நாம் ஜும்ஆ பயானில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கேட்டபோதெல்லாம் வாங்கியவரைத்தான் நினைத்தோம். நம் பட்டியல் நினைவுக்கு வந்ததில்லை.

ஒரு முறை நம் சரக்குக் கொள்கலன் ஒன்று ஒரு துறைமுகத்தில் நின்றுவிட்டது. எந்தத் துறைமுகம் என்பது வேண்டாம். காகிதம் எல்லாம் சரியாக இருந்தது. முகவர் போன் செய்து காப்பிக் காசு கேட்கிறார்கள் என்றார். அவர் குரலில் வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை. மழை வருகிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார். நாமும் அப்படியே கேட்டுக்கொண்டு கொடுத்தோம். கணக்கில் இதரச் செலவு என்று எழுதினோம். மேடான் பியானோவைப் படிக்கும்வரை அது லஞ்சம் என்ற சொல்லாக நம் மனத்தில் பதியவே இல்லை.

ஹூகெங் மேடானில் சில ஆண்டுகள் இருந்தார். சூதாட்டக்காரர்களையும் கடத்தல்காரர்களையும் பிடித்தார், அவர்களிடம் பணம் வாங்கிய சீருடைக்காரர்களையும் பிடித்தார். பிறகு ஜகார்த்தாவுக்குத் திரும்பினார். 1961இல் குடிநுழைவுத் துறையின் தலைவர் பதவி வந்தது. அந்த நாற்காலியில் உட்கார்பவருக்குப் பணம் எப்படி எல்லாம் வரும் என்று விளக்கத் தேவையில்லை.

அப்போது மெரியாத்தி ஜகார்த்தாவின் சிக்கினி வீதியில் ஒரு பூக்கடை நடத்திக்கொண்டிருந்தார். சம்பளம் போதாத வீட்டுக்கு அந்தக் கடைதான் கைகொடுத்தது. பதவி ஏற்பதற்கு முன்பே ஹூகெங் மனைவியிடம் கடையை மூடிவிடச் சொன்னார். பூக்கடைக்கும் கடப்பிதழுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குப் புரியவில்லை. ஹூகெங் விளக்கினார். குடிநுழைவுத் துறையில் காரியம் ஆகவேண்டியவர்கள் எல்லாரும் இனி இந்தக் கடையில்தான் பூ வாங்குவார்கள், மற்ற பூக்கடைக்காரர்கள் நட்டப்படுவார்கள் என்றார். மெரியாத்தி கடையை மூடினார்.

நாம் ஹூகெங்கைப் பற்றிப் படித்ததில் மனத்தில் அதிகம் தங்கியது இதுதான். பியானோவைத் தெருவில் வைப்பது ஒரு நாள் வேலை, அதில் ஒரு வீரமும் உண்டு. கடையை மூடுவது அப்படி அல்ல. அந்த அம்மாள் யாரிடமும் ஒரு காசு தவறாக வாங்கவில்லை. விற்றது பூ. கொடுத்தது முறையான விலைக்கு. அப்படியும் மூடவேண்டியிருந்தது. நம் வீட்டுப் பெண்கள் பலர் வீட்டிலிருந்தே கேக், கெரப்பு, தையல் என்று சிறு வியாபாரம் செய்கிறார்கள். அந்த வருமானம் ஒரு குடும்பத்துக்கு என்ன என்று அவர்களுக்குத் தெரியும். ஹூகெங் நேர்மையானவர் என்று நாடு புகழ்கிறது. அந்த நேர்மைக்கு மாதாமாதம் விலை கொடுத்தவர் மெரியாத்தி.

பூக்கடையைப் பற்றிப் படித்த ஆண்டில் நாமும் பெருநாள் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நான்கு பெயர்களை அடித்தோம். அத்தா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆண்டு ஒரு கொள்கலன் பன்னிரண்டு நாள் தாமதமாக வந்தது. அடித்த பெயர்களுக்கும் தாமதத்துக்கும் சம்பந்தம் உண்டென்று நிரூபிக்க முடியாது. பெருநாள் விற்பனையைத் தவறவிட்ட கைலிகளில் பாதி இன்னும் நம் கடையின் மேல்தட்டில் இருக்கின்றன.

கதைக்கு வருவோம். 1965இல் ஹூகெங் அரசு வருவாய்த் துறைக்கு அமைச்சரானார். அடுத்த ஆண்டு அமைச்சரவைச் செயலாளர். நாடு கொந்தளித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. சுகார்னோவின் கையிலிருந்து அதிகாரம் சுஹார்த்தோவின் கைக்கு மாறிக்கொண்டிருந்தது. 1966இல் பணவீக்கம் 600 சதவீதத்தைத் தாண்டியது. அரசு ஊழியரின் சம்பளம் அரிசி வாங்கவே போதாத நிலை. லஞ்சம் வாங்குகிறவர்கள் அதற்குச் சொன்ன காரணமும் அதுதான். அந்தக் காரணம் பொய் என்று சொல்லமாட்டோம். பசி பொய்யில்லை. ஆனால் பசியை ஆற்றத் தொடங்கியது பசி ஆறிய பிறகும் நிற்கவில்லை. மேலே போகப் போகத்தான் தொகை பெரிதாகிக்கொண்டே போனது.

1968 மே மாதம் ஹூகெங் போலீஸ் படைத் தலைவரானார். வயது 46. வீட்டு வாசலில் காவல் கூண்டு வைக்க ஏற்பாடு செய்தார்கள். வேண்டாம் என்றார். உறவினரும் நண்பரும் வீட்டுக்கு வரத் தயங்குவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். காலையில் சீக்கிரம் கிளம்பி, தினம் வேறு வேறு வழியாக அலுவலகம் போவார். தெருக்களின் நிலையைக் கண்ணால் பார்ப்பதற்காக. ஒரு சந்திப்பில் நெரிசல் இருந்து போக்குவரத்துப் போலீஸ்காரர் இல்லையென்றால், நான்கு நட்சத்திரச் சீருடையோடு தாமே இறங்கி நின்று கைகாட்டி வண்டிகளை அனுப்புவார்.

அவருடைய மகன் ஒருவர் ஆயுதப்படைக் கல்லூரியில் சேர விரும்பினார். பெற்றோர் சம்மதக் கடிதம் தேவை. அப்பாவிடம் கேட்டார். பொறு என்றார் அப்பா. பிறகு கேட்டபோதும் பொறு என்றார். விண்ணப்பத் தேதி முடிந்துவிட்டது. மகன் சேர்ந்தால் அப்பாவின் பதவியால்தான் சேர்ந்தார் என்று ஊர் சொல்லும், தேர்வு செய்கிற அதிகாரிகளும் அப்படித்தான் நடந்துகொள்வார்கள் என்பது ஹூகெங்கின் எண்ணம். இதைப் படித்தபோது நமக்கு அவர்மீது கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. தகுதி இருந்த பிள்ளையின் கனவைத் தம் பெயருக்காக நிறுத்தலாமா? நம் சங்கத்தில் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி வாங்கித் தரப் பெரியவர்கள் எத்தனை வாசல் ஏறி இறங்குகிறார்கள். ஆனால் சிபாரிசுக் கடிதம் இல்லாமல் எதுவும் நடக்காத ஒரு நாட்டில், தம் கையெழுத்து எவ்வளவு கனமானது என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் நினைக்கவேண்டியிருக்கிறது. அது சரியா தவறா என்று நம்மால் இன்றும் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

எல்லாவற்றிலும் ஊர் அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது என்றும் நினைக்கவேண்டாம். 1971இல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் தலைக்கவசம் அணியவேண்டும் என்று உத்தரவு போட்டார். பலமான எதிர்ப்பு. ஏழைகள் அதை எங்கே போய் வாங்குவார்கள் என்று கேட்டார்கள். இன்று அங்கே யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை.

1970ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஊழலை எதிர்த்து மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். சுஹார்த்தோ, முன்னாள் பிரதமர் விலோப்போவின் தலைமையில் நால்வர் குழு ஒன்றை அமைத்தார். முன்னாள் துணை அதிபர் ஹாட்டா அதற்கு ஆலோசகர். குழு சில மாதங்களில் அறிக்கை கொடுத்தது. அறிக்கை அறிக்கையாகவே இருந்தது. அந்தச் சூழ்நிலையில்தான் ஹூகெங்கின் மேசைக்கு இரண்டு வழக்குகள் வந்தன.

முதலாவது யோக்யகார்த்தாவில். 1970 செப்டம்பரில் முட்டை விற்கும் ஓர் ஏழை இளம்பெண் காரில் கடத்தப்பட்டுச் சீரழிக்கப்பட்டார். செய்தவர்கள் பெரிய இடத்துப் பிள்ளைகள் என்ற பேச்சு ஊரெங்கும். உள்ளூர்ப் போலீஸ் என்ன செய்தது தெரியுமா? பொய்ப் புகார் கொடுத்தாள் என்று அந்தப் பெண்மீதே வழக்குப் போட்டது. நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஹூகெங் இதை விடக்கூடாது என்று தனிக்குழு அமைத்தார். யாருடைய பிள்ளையாக இருந்தாலும் பிடிக்கவேண்டும் என்பது அவர் நிலை. கொஞ்ச நாளில் வழக்கு போலீஸின் கையிலிருந்து எடுக்கப்பட்டு, நாட்டின் பாதுகாப்பைக் கவனிக்கும் இராணுவ அமைப்பிடம் போயிற்று. ஒரு முட்டைக்காரப் பெண்ணின் வழக்கில் நாட்டின் பாதுகாப்புக்கு என்ன வேலை என்று அப்போதே பலர் கேட்டார்கள். கடைசியில் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவர்கள் யாரும் பெரிய இடத்துப் பிள்ளைகள் அல்லர்.

இரண்டாவது கடத்தல் வழக்கு. ஓர் இளம் வியாபாரி நூற்றுக்கணக்கில் சொகுசுக் கார்களை வரி கட்டாமல் தஞ்சோங் பிரியோக் துறைமுகம் வழியாக இறக்கிக்கொண்டிருந்தார். சுங்கத்துறையிலும் போலீஸிலும் ஆள் இல்லாமல் இது நடக்குமா? ஒரு காரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வர முடியாது. ஹூகெங் அந்த வலையைப் பிடித்து இழுத்தார். தம் படையைச் சேர்ந்தவர்களையும் விடவில்லை. இழுக்க இழுக்க அது அதிபர் மாளிகையின் பக்கம் போயிற்று என்றுதான் இந்தோனேசியாவில் பலரும் நம்புகிறார்கள்.

1971 அக்டோபர் 2ஆம் தேதி ஹூகெங் பதவியிலிருந்து எடுக்கப்பட்டார். ஐம்பது வயது நிறையப் பன்னிரண்டு நாள் இருந்தது. படைக்கு இளமையான தலைமை வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். அவருக்குப் பதிலாக வந்தவர் அவரைவிட வயதில் மூத்தவர். நாம் இதைப் படித்துவிட்டு இரண்டு பேரின் பிறந்த ஆண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். உண்மைதான்.

பெல்ஜியத்துக்குத் தூதராகப் போகிறீர்களா என்று கேட்டார்கள். மறுத்துவிட்டார். இதுவும் குளிர்ப்பெட்டியைப் போன்றதுதான் என்று அவருக்குப் பட்டிருக்கலாம். தாயாரிடம் போய்ப் பதவி போனதைச் சொன்னபோது, வேலையை நேர்மையாக முடித்துக்கொடு, நமக்குச் சோறும் உப்பும் இன்னும் இருக்கிறது என்ற பொருளில் அவர் பதில் சொன்னார் என்பார்கள்.

நாட்டின் போலீஸ் படைத் தலைவராக இருந்தவருக்குச் சொந்த வீடு இல்லை, கார் இல்லை. மாநிலங்களின் போலீஸ் தலைவர்கள் சேர்ந்து காசு போட்டு ஹோல்டன் கிங்ஸ்வுட் கார் ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். குடியிருந்த அரசு வீட்டைத் துறை அவருக்கே விட்டுக்கொடுத்தது. 2001 வரை அவருக்கு வந்த ஓய்வூதியம் மாதம் 10,000 ரூபியா என்று குடும்பத்தார் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பணத்தில் இரண்டு பேர் மேடானில் வயிறாரச் சாப்பிட முடியாது. வருமானத்துக்கு ஓவியம் வரைந்து விற்றார். சிறு வயதிலிருந்தே பாட்டிலும் ஆர்வம் உண்டு. நண்பர்களோடும் மெரியாத்தியோடும் ஹவாய் இசைக்குழு ஒன்று அமைத்து, அரசுத் தொலைக்காட்சியில் பல ஆண்டுகள் பாடினார். ஓய்வுபெற்ற போலீஸ் படைத் தலைவர் பூச்சட்டை போட்டுக்கொண்டு யுகுலேலே வாசித்ததை அந்தத் தலைமுறையினர் இன்றும் சிரித்துக்கொண்டே நினைவுகூர்கிறார்கள். அந்த நிகழ்ச்சியும் பிறகு நிறுத்தப்பட்டது. தேசியப் பண்பாட்டுக்குப் பொருந்தவில்லை என்று காரணம் சொன்னார்கள்.

1980 மே மாதம், சுஹார்த்தோ அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளைத் தம்மை எதிர்ப்பவர்களுக்கு எதிரான ஆயுதமாக்குகிறார் என்று கண்டித்து ஐம்பது பேர் ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். ஜெனரல் நசுத்தியோன், ஜகார்த்தாவின் முன்னாள் ஆளுநர் அலி சாடிக்கின், முன்னாள் பிரதமர் முஹம்மது நாட்சிர் ஆகியோரோடு ஹூகெங்கும் கையெழுத்திட்டார். அதன்பின் அந்த ஐம்பது பேரும் வெளிநாடு போகத் தடை. பத்திரிகைகளில் அவர்களின் படம் வரக்கூடாது. அவர்களில் வியாபாரம் செய்தவர்களுக்கு வங்கிக் கடன் கிடையாது, அரசாங்கக் குத்தகை கிடையாது. ஒரு வியாபாரியைச் சிறையில் போடவேண்டியதில்லை, கடனை நிறுத்தினால் போதும் என்பது அந்த அரசுக்குத் தெரிந்திருந்தது. தாம் தலைமை தாங்கிய போலீஸ் படையின் ஆண்டு விழாவுக்குக்கூட ஹூகெங் போக முடியாமல் ஆனது. பழைய தோழர்கள் பலர் அவர் வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். வாசலில் காவல் கூண்டு இல்லாமலே அது நடந்தது.

1998இல் சுஹார்த்தோ வீழ்ந்தார். 2002இல் ஊழல் ஒழிப்பு ஆணையத்துக்கான சட்டம் வந்தது. அந்த மாற்றங்களில் பங்கெடுக்கும் உடல்நிலை ஹூகெங்குக்கு இல்லை. பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டு, 2004 ஜூலை 14ஆம் தேதி தமது 82ஆம் வயதில் ஜகார்த்தாவில் காலமானார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். தியாகிகளுக்கான தேசியக் கல்லறையில் இடம் பெறும் தகுதி அவருக்கு இருந்தது. அவர் விருப்பப்படி அங்கே அடக்கவில்லை. போகோர் பக்கத்தில் கிரி தாமா என்னும் சாதாரண மையவாடியில் அடக்கம் செய்தார்கள்.

அவர் டி போயர் ஹோட்டலில் தங்கியதைச் சொன்னோம் அல்லவா? மேடானில் மெர்டேக்கா திடலுக்கு எதிரே, பழைய தபால் நிலையத்துக்கு அருகில் அந்த ஹோட்டல் வேறு பெயரோடு இன்றும் இருக்கிறது. வாடிக்கையாளரைப் பார்க்கப் போகும் வழியில் ஒருநாள் அங்கே நின்றோம். நம்மை அழைத்துப்போன ஓட்டுநர்தான் அந்தப் பழைய நகைச்சுவையைச் சொன்னார். நாட்டில் லஞ்சம் வாங்காத போலீஸ் மூன்றே பேர்தான். ஒன்று போலீஸ்காரர் சிலை. இன்னொன்று சாலையில் வேகத்தைக் குறைக்கப் போடும் மேடு, அதற்கு இந்தோனேசியாவில் தூங்கும் போலீஸ் என்று பெயர். மூன்றாவது ஹூகெங். அதிபராக இருந்த அப்துர்ரஹ்மான் வாஹித், மக்கள் செல்லமாகக் குஸ் டுர் என்று அழைக்கும் அந்த ஆலிம் சொன்ன நகைச்சுவை அது.

2020இல் வடமலுக்குவின் சூலா தீவுகளில் ஒருவர் இந்த நகைச்சுவையைத் தமது முகநூல் பக்கத்தில் போட்டார். உள்ளூர்ப் போலீஸ் அவரை நிலையத்துக்கு அழைத்து விசாரித்தது. அவர் மன்னிப்புக் கேட்ட பிறகு விட்டுவிட்டார்கள். அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 2022 முதல், நேர்மையான போலீஸ்காரர்களைத் தேர்ந்தெடுத்து விருது கொடுக்கிறார்கள். பொதுமக்களே பெயர்களை அனுப்பலாம். விருதின் பெயர் ஹூகெங்.